ஓடாத பத்மினியை ஓடவைப்பது எப்படி? முதன்முறை கைவைப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

ஆசையாகத் தொடங்கும் பழைய கார் வேலைகள் பல பாதியிலேயே நின்றுபோகின்றன. பணம் போதாமல் நிற்பவை கொஞ்சம்தான். வரிசை தப்பியதால் நிற்பவையே அதிகம். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே சீட்டு, கதவு, என்ஜின் என்று எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். சில மாதம் கழித்து எந்த போல்ட் எங்கே என்று கழற்றியவருக்கே தெரியாது. கடைசியில் அட்டைப்பெட்டிகளோடு சேர்த்து வண்டி எடைக்குப் போகும்.

வரிசை இதுதான்: முதலில் காகிதம், அடுத்து தகரம், பிறகு என்ஜின், அதன்பின் பிரேக், கடைசியில் பெயிண்ட். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

## ஏன் பத்மினி?

முதல் வேலைக்குப் பிரீமியர் பத்மினி நல்ல தேர்வு. இத்தாலியில் 1953-இல் வந்த ஃபியட் 1100/103-இன் வாரிசு இது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100 டிலைட், 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. பழைய மெக்கானிக்குகளுக்கு இன்றும் அது 'ஃபியட்' கார்தான். 2014-இல் 'பண்ணையாரும் பத்மினியும்' படம் வந்தபிறகு இளைஞர்களும் இதைத் தேட ஆரம்பித்தார்கள்.

1089 சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், பின்சக்கர ஓட்டம். சென்சாரும் கிடையாது, கணினியும் கிடையாது. எது கெட்டாலும் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மும்பையில் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடிய வண்டி என்பதால் என்ஜின், பிரேக் சாமான்களுக்குப் பெரிய தட்டுப்பாடு இல்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளையும் புதுப்பேட்டையையும் ஒரு சுற்று சுற்றினால் பலதும் கிடைக்கும். குரோம் பட்டை, கண்ணாடி, எழுத்து பேட்ஜ் போன்றவைதான் அகப்படாது. ஆகவே என்ஜின் கெட்டிருந்தாலும் பரவாயில்லை, சாமான் எதுவும் குறையாத வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

## படி 1: காகிதம்

ஆர்.சி. இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பரிவாஹன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, கடன் பாக்கி காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியிடம் போய் சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் என்ஜினை மாற்றிவிட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருப்பது உண்டு.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு ஆவணங்களோடு படிவம் 31. வெளிமாநில வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கியாக வேண்டும். முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு தாண்டிய காரை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு.

வண்டிக்கு 50 வயது கடந்துவிட்டால் 2021-இல் வந்த மத்திய விதிப்படி 'வின்டேஜ்' பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்கு மட்டுமே எடுத்துச் செல்லலாம், தினமும் ஓட்ட முடியாது. அலுவலகத்துக்கு ஓட்டும் ஆசை இருந்தால் சாதாரணப் புதுப்பித்தலே போதும்.

## படி 2: தகரம்

பத்மினிக்குத் தனியாக சேசிஸ் சட்டம் கிடையாது. பாடியேதான் சட்டம். ஆகவே துரு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் பலத்தையே தின்றுவிடும். பார்க்க வேண்டிய இடங்கள்:

- கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி போன்ற பகுதி
- மேட்டைத் தூக்கினால் தெரியும் தரைத் தகடு
- பின் லீஃப் ஸ்பிரிங் பாடியில் மாட்டியிருக்கும் இடங்கள்
- டிக்கியில் தண்ணீர் தேங்கும் மூலைகள்
- ஆசிட் சிந்தும் பேட்டரித் தட்டின் அடிப்பாகம்

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் ஒட்டிக்கொண்டே வரும். அடிப்பக்கம் வரும்போது பிடி தளர்ந்து சரிந்தால், அங்கே பளபளப்பது பட்டிதான். ஸ்குரூ டிரைவர் முனையால் அடிப்பாகத்தைத் தட்டுங்கள். சத்தம் 'டங்' என்று வராமல் 'பொத்' என்று வந்தால் உள்ளே தகரம் இல்லை. கதவு ஓரத்தில் துரு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஸ்பிரிங் மாட்டும் இடம் உளுத்துப்போயிருந்தால் வேறு வண்டி பாருங்கள்.

## படி 3: இடமும் கருவியும்

கூரையுள்ள, சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர் செட், ஜாக்கி, இரண்டு ஜோடி ஆக்சில் ஸ்டாண்டு, ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், தீயணைப்பான் ஆகியவை இருந்தால் தொடங்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

கழற்றும் முன் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். வண்டி எப்போதும் நான்கு சக்கரத்தில் நகரும் நிலையில் இருந்தால் வேலையும் நகரும்.

## படி 4: என்ஜின் சுற்றுகிறதா?

வந்ததும் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதைச் செய்யவே கூடாது. பல ஆண்டு நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியர் நியூட்ரலில் இருக்க, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு, ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் இன்னும் ஊறவிடுங்கள். வாரக்கணக்கில் ஊறியும் அசையாத என்ஜினுக்கு ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். போர், பிஸ்டன் வேலை லேத் பட்டறைக்குப் போகும்.

சுற்றினால், பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். இறக்கும் ஆயிலில் பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்பில் இறங்கியிருக்கலாம். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அடுத்து கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் போதும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் கோளாறு அங்கே.

## படி 5: கரண்டும் பெட்ரோலும்

பிளக்கைக் கேபிளில் மாட்டி, அதன் உடலை என்ஜின் பிளாக்கில் தொடவிட்டுச் சுற்றுங்கள். பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். நீலப் பொறி வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். பாயிண்ட்டின் இரண்டு முகத்திலும் சாம்பல் நிறப் படலம் ஒன்று படிந்திருக்கும். பல ஆண்டு ஈரம் செய்த வேலை. நைஸ் எமரித் தாளால் இரண்டு முறை இழுத்து, துணியால் துடைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி வையுங்கள். ஏறத்தாழ 0.4 மி.மீ. வைத்துத் தொடங்கலாம்; கையேட்டில் உள்ள அளவே இறுதி. அப்படியும் வராவிட்டால் கண்டென்சர், பிறகு காயில். கேபிள் வரிசை 1-3-4-2.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். ஒரு சொட்டும் விடாமல் இறக்குங்கள். கார்புரேட்டரைப் பிரித்தால் ஃப்ளோட் சேம்பரின் அடியில் பழுப்புப் பிசின் இருக்கும். கிளீனர் ஊற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஜெட் துளையில் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ரப்பர் ஹோஸ் எல்லாமே மாற்ற வேண்டியதுதான். இன்று பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி வெடிக்கும்.

## படி 6: முதல் ஸ்டார்ட்

டேங்கை நம்ப வேண்டாம். சின்ன டப்பாவில் புதுப் பெட்ரோல் எடுத்து, சைலன்சர் பக்கம் படாமல் கட்டுங்கள். வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தீயணைப்பானோடு ஒருவரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கட்டும்.

பிடித்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஆயில் விளக்கைப் பாருங்கள். சில நொடியில் அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஊறவிட்ட ஆயில் எரியும்வரை புகை வரும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் நீலப் புகை தொடர்ந்தால் ரிங் அல்லது வால்வு பக்கம் தேய்மானம்; வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது; கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்.

## படி 7: நிற்க வைத்தபின் ஓட்டுங்கள்

என்ஜின் பிடித்த சந்தோஷத்தில் தெருவை ஒரு சுற்று சுற்றத் தோன்றும். வேண்டாம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய வண்டிகளில் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலே மிதி தரைக்குப் போய்விடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து அரித்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் ஊர் வண்டியில் அது பின்பக்க இடது சக்கரம்.

டயர் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நாலு இலக்கமே இல்லாவிட்டால் அது 2000-க்கு முந்தைய டயர். ஒயரிங்கில் எலி கடித்த இடத்தை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் அந்த ஒயரையே மாற்றுங்கள்.

## படி 8: டிங்கரிங், பெயிண்ட்

ஓடி, நிற்கும் வண்டியைத்தான் டிங்கரிங் ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும். ஓடாத வண்டி அங்கே மூலையில் ஒதுங்கிவிடும். துருப்பிடித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டு அடிக்கச் சொல்லுங்கள். மேலே தகடு ஒட்டிப் பட்டி பூசினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பிரைமர் அடிக்கும் முன் நேரில் போய், வெறும் தகரத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

## வண்டி ரெடியான பிறகு

முதல் மாதம் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் வட்டத்தைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில் மூன்றின் அளவையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எது குறைகிறதோ, அங்கேதான் அடுத்த வேலை. பிறகு வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட்டுங்கள். இத்தனை வேலைக்கும் காரணம், இந்த வண்டியை யாரோ ஒருவர் சும்மா நிறுத்தி வைத்ததுதான்.