பழுது பார்த்தவர்கள் படைத்த இசைக்கருவி

சாக்ஸபோன் என்றதும் நம்மில் பலருக்கு 1994ஆம் ஆண்டு வெளிவந்த 'டூயட்' திரைப்படமும், அதில் ஒலித்த கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பும் நினைவுக்கு வரும். பெல்ஜிய நாட்டவரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனது என்றாலும் ஒலி பிறப்பது சீவாளியில்தான். நாதஸ்வரத்தின் சீவாளி இரட்டை, சாக்ஸபோனுக்கோ ஒற்றை.

பல்கலைக்கழக இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவன் என்ற முறையில், ஜப்பானின் யானகிசாவா நிறுவனத்தைப் பற்றி இங்குப் பகிர விரும்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராணுவ இசைக்குழுவினரின் வெளிநாட்டு ஊதுகருவிகளைப் பழுது பார்க்கும் குடும்பத் தொழிலாகவே இது தொடங்கியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த தகனோபு யானகிசாவா 1951இல் முதல் மாதிரி சாக்ஸபோனை உருவாக்கினார். 1954இல் டெனரும், 1956இல் ஆல்டோவும் வந்தன. 1968இல் சொப்ரானோவும் 1972இல் அதனினும் சிறிய சொப்ரானினோவும் தொடர்ந்தன. தொடக்கக் காலத்தில் இவற்றுள் பல, வேறு நிறுவனங்களின் பெயரைத் தாங்கி அமெரிக்காவில் விற்பனையாயின. பெயர் மறைந்திருந்தாலும் வேலையின் தரம் மறையவில்லை. பியானோ முதல் மோட்டார் சைக்கிள் வரை யமஹா என்ற பெயரில் வரும் அதே நாட்டில், டோக்கியோவின் இத்தாபாஷி வட்டாரத்தில் இயங்கும் இந்நிறுவனம் சாக்ஸபோனையே தன் தொழிலாகக் கொண்டது.

இது பித்தளையில் மட்டுமன்றி வெண்கலத்திலும் வெள்ளியிலும் கருவிகளைச் செய்கிறது. வெண்கலத்தின் ஒலி கனிவானது என்பர் கலைஞர்கள். ஆனால் அதிர்வது முக்கியமாக உள்ளிருக்கும் காற்றுதான். எனவே உலோகத்தைவிடக் குழாயின் வடிவமே பெரிதும் முக்கியம் என்கிறது இயற்பியல். அதைவிட முக்கியம், துளைகளை மூடிகள் காற்றுப் புகாமல் அடைப்பது. மேலே ஒரு மூடி கசிந்தாலும் அடிச்சுரங்கள் ஒலிக்கா. பெரிய மூடியை ஒரே கை தாங்கினால் அது சற்றே சாய்ந்து கசியக்கூடும். அதனால்தான் யானகிசாவாவின் உயர்தரக் கருவிகளில் அடிச்சுர மூடிகளை இரு கைகள் தாங்குகின்றன. கசிவைத் தேடித்தேடிச் சரிசெய்த கைகளுக்கே இத்தகைய எண்ணம் தோன்றும் எனலாம்.

எங்கள் குழுவின் பழைய ஆல்டோ ஒன்றில் அடிச்சுரங்கள் எழவில்லை. "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்" என்றனர் சிலர். பழுது பார்ப்பவர் உள்ளே சிறுவிளக்கை விட்டு, ஒளி கசிந்த இரண்டு மூடிகளின் தோல் பட்டைகளை மாற்றினார். இன்று அதில் முதலாமாண்டு மாணவி ஒருவர் பயில்கிறார். அன்று அது குப்பைக்குப் போயிருந்தால், இந்த ஆண்டு அவருக்குக் கருவியே இருந்திருக்காது.

பழுது பார்ப்பதைச் சிறு வேலை என்று ஒதுக்குகிறோம். ஒரு பொருள் எங்கே தோற்கிறது என்பதை அறிந்தவரே அதைச் சிறப்பாகப் படைக்க முடியும் என்பதற்கு யானகிசாவா நல்ல சான்று. மாணவர்களாகிய நாமும் எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்போமே!