பெருங்குடலைப் பட்டினி போடலாமா?

நம் சங்க இதழில் இதயத்தைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது. நீரிழிவைப் பற்றிப் பலமுறை வந்திருக்கிறது. பெருங்குடலைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பேசவே கூச்சப்படுகிற உறுப்பு அது. முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்திய நானே, இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நான்கு வகுப்புகள் ஒதுக்கிவிட்டு, மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பெருங்குடலை முடித்துவிடுவேன். "தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கழிவை வெளியேற்றும்" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பணி ஓய்வு பெற்ற பின்பு, விழிஞ்ஞத்தில்தான் நன்றாக உணர்ந்தேன்.

மழைக்காலத்து மாலை

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மேலே உள்ள ஒரு தெருவில் எங்கள் வீடு. 2025ஆம் ஆண்டு மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெரிய கப்பல் துறைமுகத்தைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இது மீனவர் துறை. ஆனி, ஆடியில் மற்ற கரைகளில் கடல் கொந்தளிக்கும்போது இங்கே வள்ளம் இறக்க முடியும் என்பதால், குமரி மாவட்டக் கரையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சில வந்து, சீசன் முடியும்வரை வாடகை வீட்டில் தங்கித் தொழில் செய்வதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த குடும்பம் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தது. ஒருநாள் மாலை அங்கே அழுகைச் சத்தம் கேட்டுப் போனேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. காலையிலிருந்து எட்டு முறை நீராகப் போயிருக்கிறது. கண்கள் சற்றே உள்வாங்கியிருந்தன. மேசைமேல் இருந்த தம்ளரைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டே இருந்தது. நான் தம்ளரை எடுத்தேன். குழந்தையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளம் குடுக்காதீங்க டீச்சர். குடுத்தா இன்னும் போவும்."

எனக்கு 1962 நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது எனக்கு ஏழு வயது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில், இரண்டு வயதுத் தம்பிக்கு இதேபோல் கண்டது. ஆச்சி இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். தண்ணீர்ப் பானையைத் தட்டு வைத்து மூடினாள். சோறு கிடையாது, கஞ்சி கிடையாது, தாய்ப்பால்கூடக் கிடையாது. தம்பி "தண்ணி, தண்ணி" என்று கேட்டது இரவு வெகுநேரம்வரை எனக்குக் கேட்டது. விடியும் முன் கேட்பது நின்றுவிட்டது. ஆச்சி கொடுமைக்காரி அல்லள். அவனைத் தூக்கி வளர்த்தவளே அவள்தான். ஊரெல்லாம் நம்பியதை அவளும் நம்பினாள்.

ஆச்சியின் கணக்கில் பிழை எங்கே?

உள்ளே ஊற்றினால் வெளியே போகும் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் படும். ஆனால் குடல் வெறும் குழாயல்ல.

நாம் ஒரு நாளில் உணவாகவும் நீராகவும் உட்கொள்ளும் திரவம் சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடற்சுரப்பு என்று உடலே உள்ளே விடுவது ஏறத்தாழ 7 லிட்டர். ஆக நாள்தோறும் 9 லிட்டர் குடலுக்குள் வருகிறது. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் ஒன்றரை லிட்டர் அளவு, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்கு வந்து சேருகிறது. கடைசியில் மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். நெருக்கடி வந்தால், வளர்ந்தவரின் பெருங்குடல் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேலும் உறிஞ்ச வல்லது. வயிற்றுப்போக்கின்போது நம்மிடம் மிஞ்சியிருக்கும் சேமப்படை அதுவே.

காலரா போன்ற நோயில் கிருமியின் நச்சு, சிறுகுடலைத் தண்ணீரைச் சுரந்து கொட்டும்படி செய்துவிடுகிறது. ஆனால் எல்லா வழியும் அடைபடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வரும்போது அவற்றை இணைத்து உள்ளே எடுத்துக்கொள்ளும் ஒரு வாசல் சிறுகுடல் சுவரில் இருக்கிறது என்று 1960ஆம் ஆண்டு ராபர்ட் கிரேன் என்ற அறிவியலர் எடுத்துரைத்தார். காலராவிலும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

1971இல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் செய்தார். இருபது, முப்பது விழுக்காடு வரை இருந்த சாவு, அவர் பொறுப்பிலிருந்த நோயாளிகளிடையே நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று நாம் சொல்லும் பொட்டலம் அந்தப் பீப்பாயின் வாரிசுதான்.

வேலூர் சொன்ன செய்தி

ஓ.ஆர்.எஸ். சிறுகுடலின் வாசலைப் பயன்படுத்துகிறது. அப்படியானால் பெருங்குடல் என்ற சேமப்படை என்ன ஆனது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர்கள் நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் என்பது நமக்குப் பெருமை.

பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் தங்கள் எரிபொருளில் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து பெறுவதில்லை. நம்மால் செரிக்க முடியாமல் கீழே வரும் நார்ச்சத்தையும் சிலவகை மாவுச்சத்தையும் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துச் சில சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடலுக்குச் சோறு போன்றது. இதை 1980இல் ரோடிகர் என்ற மருத்துவர் ஆய்ந்து காட்டினார். இந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது உப்பும் தண்ணீரும் கூடவே உறிஞ்சப்படுகின்றன.

கடும் வயிற்றுப்போக்கில் இந்த அமிலங்கள் குறைந்துபோகின்றன என்றும், அவற்றைத் திரும்பக் கொடுத்தால் நீரை உறிஞ்சும் திறன் மீள்கிறது என்றும் வேலூரின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வி.ஐ. மாத்தனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். எளிமையாகச் சொன்னால், பட்டினி கிடக்கும் பெருங்குடல் வேலை செய்யாது.

அடுத்த கட்டம் 2000ஆம் ஆண்டு வந்தது. சிறுகுடலில் எளிதில் செரிக்காமல் பெருங்குடல்வரை செல்லும் மாவுச்சத்து ஒன்று உண்டு. அதை ஓ.ஆர்.எஸ். நீரில் லிட்டருக்கு 50 கிராம் கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று ராமகிருஷ்ணா குழுவினர், அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்தனர். காலரா கண்ட 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்தனர். வழக்கமான ஓ.ஆர்.எஸ். மட்டும் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆயிற்று. அரிசி மாவு சேர்த்துக் குடித்தவர்களுக்கு 71 மணி. செரிக்காத மாவுச்சத்துச் சேர்த்தவர்களுக்கு 57 மணி. பெருங்குடலுக்குத் தீனி போட்டதால் ஒன்றரை நாளுக்கு அருகில் மிச்சம்.

வங்காளதேசத்தின் டாக்கா ஆய்வு மையத்தில், நாள்பட்ட வயிற்றுப்போக்கால் வாடிய கைக்குழந்தைகளுக்கு வேகவைத்து மசித்த பச்சை வாழைக்காயைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்விலும் வாழைக்காய் உண்ட குழந்தைகள் விரைவில் தேறின. வாழைக்காயிலும் இந்தவகை மாவுச்சத்து மிகுதி.

நம் அடுக்களையில் என்ன இருக்கிறது?

சோறு வடித்து ஆறவிட்டால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. பழைய சோற்றிலும், மலையாள நண்பர்களின் பழங்கஞ்சியிலும், ஆறிய மரவள்ளிக்கிழங்கிலும் அது உண்டு. அதிகாலையில் வள்ளம் தள்ளுவதற்கு முன் இங்கே பலர் குடிப்பது பழங்கஞ்சிதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டுப் பழைய சோறே மருந்து என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். வேலூரில் பயன்படுத்தியது அளந்து கலந்த மக்காச்சோள மாவுச்சத்து. பழைய சோறு அன்று. சோற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். வெளியே கிடந்து கெட்ட சோறு தானே வயிற்றுப்போக்கைத் தரும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு அப்போது சமைத்த, குழைந்த சோறே சரி.

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் ரொட்டியும் நூடுல்ஸும் மைதாப் பலகாரமும் தட்டை நிறைத்து, கீரையும் பயறும் சிறுதானியமும் ஓரத்துக்குப் போய்விட்டன. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு பொரியல், ஒரு கொய்யாப்பழம் என்று தினமும் சேர்த்துக்கொண்டால் அதில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

அந்தக் குழந்தை

நான் பாட்டியின் கையை விலக்கவில்லை. "அக்கா, ஒரு ஸ்பூன் மட்டும் குடுக்கேன். நீங்களே பக்கத்துல இருந்து பாருங்க" என்றேன். வீட்டிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கொண்டுவந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். மடியில் குழந்தை, கையில் செம்பு. மருத்துவர் பார்த்துவிட்டு, "வழியிலேயே பாதி வைத்தியம் ஆகிவிட்டது" என்றார். துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

நான்காம் நாள் குழந்தை எங்கள் திண்ணையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டி ஒரு பாத்திரத்தில் சிப்பி கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார்.

"டீச்சர், எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். இதே மாதிரிதான். அவனுக்கும் வெள்ளம் குடுத்திருக்கலாமா?"

என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நமக்கு அப்போ சொல்லித்தர ஆள் இல்ல, அக்கா" என்றேன். என் தம்பியைப் பற்றியும் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

நினைவில் கொள்ள

1. வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா.

2. பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

3. ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர். 2 முதல் 10 வயதுவரை 100 முதல் 200 மில்லிலிட்டர். பெரியவர்களுக்குக் குடிக்கும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மெல்ல மெல்லக் கொடுங்கள்.

4. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள்வரை, போக்கு நின்ற பிறகும் கொடுங்கள்.

5. குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

6. பெரியவர்களுக்கு ஒரு சொல்: மலத்தில் இரத்தம் கண்டால் "மூலம்தான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பலகாரத்தோடு பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே இன்னும் யாராவது ஓர் ஆச்சி தண்ணீர்ப் பானையை மூடிக்கொண்டிருக்கக் கூடும். அவரைக் கடிந்து பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கரண்டி கொடுத்துக் காட்டுங்கள்.