பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு போய்விடுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டாக இருக்கட்டும், அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கட்டும், கோடை விடுமுறை நீச்சல் வகுப்பாக இருக்கட்டும், குளத்தின் ஓரத்தில் ஒரு பலகை கட்டாயம் இருக்கும். ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அதில் எழுதியிருக்கும். அசம்பாவிதம் நடந்த அன்று நிர்வாகத்தினர் முதலில் கை நீட்டுவது அந்தப் பலகையைத்தான். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பமும் அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம விதி’ என்று திரும்பிவிடுகிறது. சட்டம் அந்தப் பலகையை அப்படி மதிப்பதில்லை. இது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் தங்களுக்கு உரியதைக் கேட்காமல் விட்டிருக்கின்றன. அதனால்தான் இதை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: பலகை இருக்கிறது, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டோம், இனி ஒன்றும் கேட்க முடியாது.

இதற்கான பதில் ஒரு சென்னை சலவைக் கடையிலிருந்து வருகிறது. வெளுக்கக் கொடுத்த புடவை தொலைந்துபோனது. ரசீதில், பொருள் தொலைந்தால் விலையில் பாதிதான் தருவோம் என்று அச்சடித்திருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தன் கவனக்குறைவால் தொலைத்துவிட்டு, அச்சடித்த ஒரு வரியைக் காட்டிப் பாதியோடு தப்பிப்பது பொதுநலக் கொள்கைக்கு விரோதம், அந்த நிபந்தனை செல்லாது என்று 1960களில் நீதிமன்றம் சொன்னது. இதை ‘லில்லி வைட்’ வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். ஒரு புடவைக்கே இந்த நியாயம் என்றால், உயிருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் அந்தக் கையெழுத்து இன்னும் பலவீனமானது. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இலேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. அம்மா அப்பா போட்ட கையெழுத்து? இயற்கைக் காப்பாளர் தன் சொந்த வாக்குறுதியால் மைனரைக் கட்டுப்படுத்த முடியாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. நீச்சல் வகுப்புக்குச் சேர்க்கும்போது நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டதால், காயம்பட்ட பிள்ளையின் உரிமை போய்விடாது.

அதற்காக எல்லாப் பலகையும் வீண் என்று நினைக்க வேண்டாம். ‘ஆழம் 8 அடி’, ‘இங்கே தலைகீழாகக் குதிக்காதீர்கள்’ என்பவை உண்மையான எச்சரிக்கைகள். ஆபத்தைத் தெளிவாகச் சொன்ன நிர்வாகம் தன் கடமையில் ஒரு பகுதியைச் செய்திருக்கிறது. நீதிமன்றமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ‘பொறுப்பல்ல’ என்ற பலகையோ ஆபத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

நம்பிக்கை: லைஃப் கார்டு இருந்தார், அதற்கு மேல் நிர்வாகம் என்ன செய்ய முடியும்?

கோவளத்தில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் சமுத்ரா ஹோட்டலுக்கு 2006இல் ஒரு குடும்பம் தங்க வந்தது. கணவர் ஹோட்டலின் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். மனைவி நுகர்வோர் வழக்குத் தொடுத்தார். அங்கே லைஃப் கார்டு என்று ஒருவர் இருக்கத்தான் செய்தார். ஆனால் அவருக்கே மது பரிமாறும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

தேசிய நுகர்வோர் ஆணையம் 62.5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2019இல் அங்கேயும் உத்தரவு உறுதியானது. விருந்தினருக்கென்று குளம் வைத்திருக்கும் ஹோட்டலுக்கு அவர்கள் பாதுகாப்பில் அக்கறை காட்டும் கடமை உண்டு, பயிற்சி பெற்ற ஆளின் கண்காணிப்பு இல்லாவிட்டால் குளமே ஆபத்தாகிவிடும், லைஃப் கார்டுக்கு வேறு வேலை கொடுத்ததே கடமை தவறியதுதான் என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு ரிசார்ட் மேனேஜரும் படித்திருக்க வேண்டும். பல இடங்களில் லைஃப் கார்டு என்பவர்தான் துண்டு எடுத்துக் கொடுக்கிறார், டிக்கெட் கிழிக்கிறார், குளோரின் போடுகிறார். நீச்சல் வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்குக் கை கால் அசைக்கச் சொல்லிக்கொடுக்கும் கோச்சையே காவலராகவும் கணக்குக் காட்டுகிறார்கள். சொல்லிக்கொடுப்பவரின் கண் ஒரு பிள்ளையின் மேல் இருக்கும். காவலரின் கண் எல்லார் மேலும் இருக்க வேண்டும்.

‘கத்தியிருந்தால் ஓடியிருப்போமே’ என்றும் சொல்வார்கள். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது குரல் எங்கிருந்து வரும்? கையை உயர்த்தி அசைக்கவும் முடியாது. கைகள் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, உடம்பு செங்குத்தாக நின்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடலாம். பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே தெரியும். சத்தம் வராது என்பதால்தான் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைக்கிறோம். சத்தம் கேட்கவில்லை என்பது அவருக்குச் சாக்காகாது.

நம்பிக்கை: குதித்தவர் மேல்தான் தப்பு.

1972இல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்த ஜெர்மானிய விமானி, குளத்தில் குதித்தபோது தலை அடித்தளத்தில் மோதியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தும் போனார். 1997இல், பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியான ஆர்.சி. லஹோட்டி டெல்லி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தார். குளத்தின் அமைப்பிலேயே குறை இருந்தது, உயர்ந்த கட்டணம் வாங்கும் ஹோட்டலிடம் உயர்ந்த அக்கறையை எதிர்பார்க்க விருந்தினருக்கு உரிமை உண்டு என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தார்.

இதோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் பலர். ஆனால் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. வழக்காடியவர் இறந்ததோடு அவருடைய வழக்குரிமையும் முடிந்துவிட்டது என்று இரு நீதிபதிகள் அமர்வு கருதியது. இருபத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு கடைசியில் இப்படிப் போனது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்னமும் மனம் ஆறுவதில்லை. காயத்துக்கான வழக்கு வேறு, இறப்புக்காகக் குடும்பம் 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்படி தொடுக்கும் வழக்கு வேறு. எதைத் தொடுப்பது, யார் பெயரில் தொடுப்பது என்று முதல் மாதத்திலேயே வக்கீலிடம் கேட்டுவிட வேண்டும்.

குதித்தவர் மேலும் தப்பு இருந்தால்? குடித்துவிட்டு இறங்கியிருந்தால்? அவருடைய பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையலாம். நிர்வாகத்தின் பங்கு அதனால் மறைந்துவிடாது. சின்னக் குழந்தையிடம் ‘நீ ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டாமா’ என்று எந்த நீதிமன்றமும் கேட்பதில்லை.

நம்பிக்கை: பள்ளி, அரசு, குடியிருப்போர் சங்கம் இவர்கள் மேல் வழக்குப் போட முடியாது.

முடியும். கோவளம் ஹோட்டலே அரசுக் கழகத்தினுடையதுதான். 1995இல் பஞ்சாபின் ஒரு பள்ளியிலிருந்து உல்லாசப் பயணம் போன 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று ஒவ்வொரு பெற்றோருக்கும் 5 லட்சம் ரூபாய் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. பெங்களூருவில் 2023 டிசம்பரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் ஒரு சிறுமி இறந்த வழக்கில், குடியிருப்போர் சங்கத் தலைவரையும் சேர்த்தே போலீஸ் கைது செய்தது. கைது என்பது குற்றம் நிரூபணமானதாகாது. ஆனால் சம்பளம் வாங்காத கௌரவப் பதவிதானே என்று நினைத்துக் குளத்து மோட்டாரையும் விளக்கையும் கவனிக்காமல் விடும் சங்கத்தினர் இதை யோசிக்க வேண்டும்.

கட்டணம் வாங்காத இடத்தில் நுகர்வோர் சட்டம் பொதுவாக உதவாது. நண்பர் வீட்டுக் குளத்தில் விபத்து என்றால் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

நம்பிக்கை: போலீஸ் கேஸ் எழுதிவிட்டது, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மிக அதிகமான சேதம் நடப்பது இங்கேதான். நீரில் மூழ்கிய மரணத்தைப் பெரும்பாலும் ‘இயற்கைக்கு மாறான மரணம்’ என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174இல் பதிவு செய்கிறார்கள். இறப்புக்கு என்ன காரணம் என்று விசாரிப்பதோடு அது நின்றுவிடலாம். யார் கவனக்குறைவாக இருந்தார்கள் என்பதைக் குடும்பம் எழுத்தில் சொன்னால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவுக்கு வழி பிறக்கும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதன்படி ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டாக இருந்தது. இரு தரப்பும் ஸ்டேஷனில் சமாதானம் எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளும் குற்றம் அல்ல இது. புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

குற்ற வழக்கு வேறு தடம், இழப்பீடு வேறு தடம். ஒன்று முடியட்டும் என்று மற்றொன்றைத் தள்ளிப்போட்டால் காலக்கெடு ஓடிவிடும். நுகர்வோர் புகாருக்கும் உயிரிழப்பு விபத்துச் சட்ட வழக்குக்கும் இரண்டே ஆண்டு. காயம்பட்டது குழந்தையானால் சிவில் வழக்குக்கு 18 வயது ஆகும்வரை காலக்கெடு ஓடாது. ஆனால் அதுவரை சாட்சிகள் இருப்பார்களா? செலவை நினைத்தும் பயப்பட வேண்டாம். இப்போதைய நுகர்வோர் சட்டத்தில் எந்த ஆணையத்துக்குப் போவது என்பதை, நாம் கட்டிய கட்டணத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. ரிசார்ட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டியவர் எத்தனை லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது.

துக்க வீட்டில் யாராவது ஒரு சித்தப்பாவோ மாமாவோ முன்வந்து, அடுத்த நாளே செய்ய வேண்டியவை சில உண்டு. சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி நிர்வாகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். பல கருவிகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஆழம் எழுதிய இடம், எழுதாத இடம், மிதவை வளையம் தொங்கிய ஆணி, லைஃப் கார்டு உட்காரும் நாற்காலி எல்லாவற்றையும் போட்டோ எடுக்க வேண்டும், வேலிக்கு மறுவாரமே புதுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். டிக்கெட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். அன்று குளத்தில் இருந்தவர்களின் போன் நம்பரை அன்றே வாங்கிவிட வேண்டும்.