முந்தின நாளே தொடங்கும் வேலை

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராகப் பொறுப்பேற்றிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வாழ்த்துகள். நிர்வாகம் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம் படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முந்தின நாளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

காலை ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும் என்றால், ஏழு மணிக்குத் தட்டில் இட்லி இருக்க வேண்டும். மாவு புளிக்க எட்டு மணி நேரமாவது வேண்டும். மார்கழிக் குளிரில் இன்னும் கூடும். ஆட்டுவதற்கு முன் அரிசியும் உளுந்தும் நாலைந்து மணி நேரம் ஊற வேண்டும். ஆகவே நாளைய பலகாரத்துக்கான வேலை இன்று மதியமே ஆரம்பித்துவிடுகிறது. சாப்பிடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அம்மா உளுந்தை ஊறப்போடுகிறார். பத்துப் பேர் கூடி நின்றாலும் மாவை விரட்டிப் புளிக்க வைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். எதற்கு நேரம் பிடிக்குமோ அதைத்தான் முதலில் தொடங்குகிறார். இராத்திரியில் அப்பா யூனிபாரத்தை இஸ்திரி போட்டு வைக்கிறார், வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிறார். பரீட்சைக்கு முந்தின நாளென்றால் ஹால் டிக்கெட்டும் எழுதிப் பார்த்த இரண்டு பேனாவும் பைக்குள் போய்விடுகின்றன.

இதற்குள் ஒரு தெளிவான பிரிவினை இருக்கிறது. காலையில் மட்டுமே செய்யக்கூடியது எது, முன்கூட்டியே முடித்துவிடக்கூடியது எது என்று வேலை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பரபரப்பான அந்த ஒரு மணி நேரத்துக்கு மிகக் குறைந்த வேலையே மிஞ்சுகிறது.

உங்கள் தொழிலில் இதே பிரிவினையைச் செய்து காட்டியவர் ஷிகெயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர். டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற 4 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. 1969-இல் அவர், மெஷினை நிறுத்தினால்தான் செய்ய முடிகிற வேலைகளையும் அது ஓடும்போதே செய்துவிடக்கூடிய வேலைகளையும் தனித்தனியாகப் பிரித்தார். நேரம் 90 நிமிடமாகக் குறைந்தது. பிறகு, நிறுத்திச் செய்த வேலைகளில் எவற்றையெல்லாம் ஓடும்போதே செய்துகொள்ள வழியுண்டு என்று தேடி, 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பயிற்சி வகுப்புகளில் 'ஸ்மெட்' என்று சொல்வது இதைத்தான். அதைப் பற்றி அவர் எழுதி, 1985-இல் ஆங்கிலத்தில் வந்த நூலையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் முறையைப் படித்தால் மட்டும் போதாது. வீட்டில் இந்த ஆயத்தமெல்லாம் யாருக்காக நடக்கிறது? பரீட்சை எழுதப் போகும் பிள்ளையின் மனம் கேள்வித்தாளில் மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் ஆயத்தமும் அப்படித்தான் இருக்க வேண்டும். காலை ஷிப்டுக்கு வரும் ஆபரேட்டருக்கு அடுத்த டை, போல்ட், டிராயிங், கேஜ் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவர் ஆலன் கீயைத் தேடி அலைந்தால் அது அவருடைய சோம்பல் அல்ல, உங்கள் வேலையில் விழுந்த குறை.

பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைகளைத் தெரியும். ஒருவன் தண்ணீர் பாட்டிலை மறப்பான், இன்னொருத்தி சாப்பிட நேரமெடுப்பாள். அதற்கேற்பவே காலை நேரம் அமைகிறது. உங்கள் ஆட்களையும் அப்படித் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த பையனைப் பழக்கமில்லாத டையோடு இரவு ஷிப்டில் தனியே விடாதீர்கள்.

ஆயத்தம் செய்து கொடுத்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. மூன்றாம் வகுப்பில் அம்மா அடுக்கிய புத்தகப் பையை ஐந்தாம் வகுப்பில் பிள்ளை அடுக்குகிறது, அம்மா டைம்டேபிளை வைத்துச் சரிபார்க்கிறார். பிறகு அதையும் விட்டுவிடுகிறார். பொறுப்பைக் கைமாற்ற இந்த வரிசையே போதும்: முதலில் கூட இருந்து செய்வது, அடுத்துப் பார்த்துக்கொள்வது, கடைசியில் நம்பி விலகுவது.

இன்னொன்று, எனக்கு மிகவும் முக்கியமானது. ஆயத்தம் சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இவ்வளவு உழைப்பும் இட்லி நேரத்துக்கு வராத அன்றுதான் பேச்சில் அடிபடுகிறது. தொழிற்சாலையிலும் பழுதான மெஷினை நள்ளிரவில் சரிசெய்தவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. வாரந்தோறும் எண்ணெய் விட்டு, பழுதே வராமல் பார்த்துக்கொண்டவரை யாரும் பாராட்டுவதில்லை. அவரைத் தேடிப் போய்ப் பாராட்டுங்கள். சம்பள உயர்வுக்குப் பரிந்துரைக்கும்போதும் அவர் பெயரை எழுதுங்கள்.

வீட்டிலும் உங்கள் பங்கு வேண்டும். வாரத்தில் சில நாள் உளுந்து ஊறப்போடுவதிலிருந்து டிபன் பாக்ஸ் கட்டுவது வரை முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் நினைவூட்டாமல் செய்ய வேண்டும், ஏனென்றால் நினைவில் வைத்திருப்பதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி. அதைச் செய்து பார்த்தவருக்கு ஷிங்கோ சுலபமாகப் புரிவார்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு ஷிப்டின் கடைசி அரை மணி நேரத்தையும் அடுத்த ஷிப்டுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று இப்போதே குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்