தலைச்சுமையிலிருந்து டவர் கிரேனுக்கு



ஓசூர் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மேலே டவர் கிரேன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே சித்தாள் வேலையில் நம் பெண்கள். மேலே கேபினில் பெரும்பாலும் ஆண்கள். "அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று விட்டுவிட வேண்டாம். கேரளாவில் விழிஞ்சம் துறைமுகத்தில் மீனவக் குடும்பப் பெண்கள் கன்டெய்னர் கிரேன் இயக்குகிறார்கள்.

இந்த வேலைக்கு உடல் பலத்தைவிடக் கணக்குதான் முக்கியம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் சுமக்கலாம்; கையை நீட்டிப் பிடிக்க முடியுமா? கிரேனும் அப்படித்தான். 5013 என்ற வகை கிரேன், 50 மீட்டர் தள்ளி நுனியில் 1.3 டன்தான் தூக்கும். தூணுக்குப் பக்கத்தில் 5 டன்னும் தூக்கும். இதைச் சொல்லும் அட்டவணைதான் 'லோடு சார்ட்'. அதை மீறினால் கிரேனே சாய்ந்து உயிர் போகும்.

மனதில் வைக்க வேண்டியவை:

1. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கண், காது, ரத்த அழுத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

2. முதலில் சுமை கட்டும் ரிக்கர் வேலை, சிக்னல் காட்டும் வேலை பழகுங்கள்.

3. சான்றிதழ் தருவது யார், நிஜ கிரேனில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். "உடனே வேலை" என்ற வாய்ப்பேச்சை நம்பிக் குழுக்கடன் எடுக்க வேண்டாம்.

4. கழிப்பறைக்குக் கீழே இறங்கித்தான் வரணும். இடைவேளை, மாற்று ஆள் பற்றி முதலிலேயே பேசுங்கள்.

5. பலத்த காற்றில் யார் அவசரப்படுத்தினாலும் "தூக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள்.

குழுவில் பேச: நம் குழுவில் சித்தாள் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர்? ஒருவர் பயிற்சிக்குப் போனால் அவர் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?