மிதிவண்டிப் பாடம்: கிராங்கும் பல்சக்கரமும்

நெய்த சேலையைச் சங்கத்தில் சேர்க்கவும், விளைந்த காய்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் அங்கத்தினர் பலருக்குச் சைக்கிளே துணை. பாரத்துடன் மிதிக்கையில் காலின் முழு விசையையும் தாங்குவது கிராங்கு. அதில் எழும் ‘டக்’ என்னும் ஓசையை அலட்சியம் செய்தால், ஒரு சிறிய பின்னோடு முடியவேண்டிய செலவு கிராங்கையும் அச்சையும் மாற்றும் செலவாக வளரும்.

முதலில் பிணியை அறிதல் வேண்டும். கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இரு கிராங்குகளும் சேர்ந்து அசைந்தால் குற்றம் பீபி கப்பிலோ, உள்ளிருக்கும் குண்டுகளிலோ உள்ளது. ஒன்று மட்டும் அசைந்தால் அதன் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. ஒரு கிராங்கை அசையாமல் பிடித்து மற்றதை அழுத்தினாலும் பின்னின் தளர்ச்சி புலப்படும். இரண்டும் உறுதியாயிருந்தும் ஓசை நீங்காவிடில் பெடலைச் சோதியுங்கள். இடப்பெடலின் மரை எதிர்ப்புறமாக முறுகும் என்பதை மறவற்க.

கப் தளர்ந்திருந்தால், இடப்புறப் பூட்டு வளையத்தைத் தளர்த்திக் கப்பைச் சிறிது முறுக்குங்கள். ஆட்டம் நின்று, அச்சு தடையின்றிச் சுழலும் நிலையில் வளையத்தை இறுக்குக.

காட்டர் பின்னைக் கழற்றும்போது கிராங்கின் அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தே அடிக்கவேண்டும். இல்லையேல் அடி குண்டுகளின்மேல் விழுந்து கப்பில் பள்ளம் உண்டாகும். பின்னின் சரிந்த தட்டை முகத்தில் தழும்பு விழுந்திருந்தால் அதை மீண்டும் உபயோகிக்கலாகாது. புதிய பின்னின் தட்டை முகம் அச்சின் வெட்டில் நன்கு படியவேண்டும். இரு பின்களையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செருகாவிடில் கிராங்குகள் நேர்கோட்டில் நில்லா. பின்னை அடித்து இறுக்கிய பிறகே நட்டைப் பூட்டுக. நட்டால் இழுக்க முயன்றால் மரை அறுபடும். ஒருநாள் ஓட்டியபின் மறுபடி தட்டி இறுக்குவது அவசியம்.

இனி பல்சக்கரம். அதைச் சுழற்றி, பின்புறச் சட்டக் குழாய்க்கும் சக்கரத்திற்கும் உள்ள இடைவெளியை நோக்குக. ஓரிடத்தில் குறைந்தும் ஓரிடத்தில் மிகுந்தும் இருப்பின் சக்கரம் வளைந்துள்ளது. பற்கள் கொக்கிபோல் ஒருபுறம் சாய்ந்திருந்தால் அவை தேய்ந்தவை. செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அதற்குமேல் 1/8 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுவதே நலம். தேய்ந்த பற்களின்மேல் புதுச் செயினைப் பூட்டினால் அது வழுக்கும். ஆகையால் செயின், பல்சக்கரம், பிரீவீல் மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

அடுத்த முறை பாரம் ஏற்றுவதற்கு முன் இச்சோதனைகளைச் செய்து பாருங்கள். கால்மணி நேரக் கவனம், நடுவழியில் பாரத்துடன் வண்டியைத் தள்ளும் துன்பத்தைத் தவிர்க்கும்.