உங்க கம்ப்யூட்டரில் இருப்பது 'சர்வர்' விண்டோஸா? வீட்டிலேயே சரிசெய்ய எளிய வழிகள்

கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வருகிறீர்கள். ஆன் செய்தால் சத்தம் வரவில்லை. வைஃபை பட்டியலே இல்லை. அணைக்கப் போனால், "ஏன் அணைக்கிறீர்கள்?" என்று காரணம் கேட்கிறது. பழுதான மெஷினைத் தலையில் கட்டிட்டாங்களோ என்று பதற வேண்டாம். வீட்டுக்கான விண்டோஸுக்குப் பதிலாக, அலுவலகங்களுக்கான 'விண்டோஸ் சர்வர்' அதில் இருக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபௌட்' பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் பெயரோடு 'சர்வர்' என்ற சொல் இருந்தால் அதுதான் விஷயம். அந்தப் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவும்.

சர்வர் என்பது இரவு பகலாக ஓடி, மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தகவல் தரும் மெஷின். அதற்குப் பாட்டும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். அதனால் பல வசதிகள் மூடியே இருக்கும். நாம்தான் திறந்துவிட வேண்டும்.

சத்தம் வரவில்லையா?

ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறங்கள். பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ'வை இருமுறை கிளிக் செய்து, 'ஸ்டார்ட்அப் டைப்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக மாற்றி, 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

வைஃபை தெரியவில்லையா?

'சர்வர் மேனேஜர்' திறந்து, 'ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' செல்லுங்கள். ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'வயர்லெஸ் லேன் சர்வீஸ்' டிக் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் வைஃபை வரும். அதன் பிறகும் வராவிட்டால் டிரைவர் இல்லாமல் இருக்கலாம். போனை யூ.எஸ்.பி கேபிளில் இணைத்து, 'யூ.எஸ்.பி டெதரிங்' ஆன் செய்து, அந்த நெட்டில் டிரைவரை டவுன்லோடு செய்யலாம்.

இணையதளம் திறக்கவில்லையா?

பழைய சர்வர் பதிப்புகளில் உள்ள இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், பாதுகாப்புக்காகப் பல தளங்களைத் தடுக்கும். அந்தப் பாதுகாப்பை அணைக்காதீர்கள். வேறு கம்ப்யூட்டரில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் டவுன்லோடு செய்து, பென்டிரைவில் கொண்டு வந்து போடுங்கள்.

அணைக்கும்போது காரணம் கேட்டால் ஏதாவது ஒன்றைத் தேர்வு செய்தால் போதும். அது பழுதல்ல.

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

'அபௌட்' பக்கத்தில் 'இவாலுவேஷன்' என்ற சொல்லும் இருக்கிறதா? அப்படியானால் அது 180 நாள் சோதனைப் பதிப்பு. காலம் முடிந்ததும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தானாகவே அணைந்துவிடும். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால்? மீதமுள்ள நாட்கள் திரையின் கீழ் வலது மூலையில் தெரியும்.

இதை வீட்டு விண்டோஸாக அப்படியே மாற்ற முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும். அப்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகலாம். எனவே சான்றிதழ்கள், போட்டோக்களை முன்பே பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். லைசென்ஸ் செலவு வேண்டாம் என்றால் உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற இலவச லினக்ஸ் இருக்கிறது.

சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதில் வங்கி வேலைகளைச் செய்ய வேண்டாம்.

கவனம்!

"நாங்களே ஆன்லைனில் சரிசெய்து தருகிறோம்" என்று போனில் அழைப்பவர்களிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்காதீர்கள், ஓ.டி.பி சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்த முறை பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் கடையிலேயே 'அபௌட்' பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்!